வாங்க ஒரு சட்டம், சுட இன்னொரு சட்டம்: அமெரிக்க மாநிலங்களின் தற்காப்பு விதிகள்

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து டெக்சாஸின் ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறிய நண்பர் ஒருவர், கிரீன் கார்டு கைக்கு வந்த மாதமே கைத்துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொன்னார். "நியூ ஜெர்சி மாதிரி இல்லை. இங்கே நம் வீட்டு வாசலுக்கு எவன் வந்தாலும் சுடலாம்" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மிச்சமிருக்கும் தவறோ ஒருவரைச் சிறைக்கும் இன்னொருவரைச் சுடுகாட்டுக்கும் அனுப்பக் கூடியது. அன்று தொலைபேசியில் அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

துப்பாக்கி வாங்குவதையும் எடுத்துச் செல்வதையும் பற்றிய சட்டம் ஒன்று. அதை ஒரு மனிதரை நோக்கிச் சுடுவதைப் பற்றிய சட்டம் முற்றிலும் வேறு. முதலாவதில் அரசமைப்புச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2010-இல் மெக்டொனால்ட் வழக்கில் சொன்னது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் சேரும் என்று 2022-இல் புருயன் வழக்கில் சொன்னது. எப்போது சுடலாம் என்ற கேள்விக்கு இந்த மூன்று தீர்ப்புகளிலும் விடை தேடிப் பயனில்லை. அந்த விடை அந்தந்த மாநிலத்தின் தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் மாறியும் விடுகிறது.

சில விதிகள் எங்கும் பொது. உயிருக்கு அல்லது உடலுக்குப் பெருந்தீங்கு நேரப்போகிறது, அதுவும் உடனே நேரப்போகிறது என்று நியாயமாக நம்பினால்தான் உயிரைப் பறிக்கும் அளவுக்குத் திருப்பித் தாக்கலாம். சண்டையைத் தானே மூட்டியவர் பொதுவாகத் தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. தன் வீட்டுக்குள் இருப்பவர் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை என்பதும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டதே; ஒவ்வொருவர் வீடும் அவருக்குக் கோட்டை என்று 1604-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று சொன்னதன் தொடர்ச்சி அது. மாநிலங்கள் பிரிவது வாசலுக்கு வெளியேதான். தெருவில் ஒருவன் கொல்ல வருகிறான், உங்களுக்கு விலகிப் போக வழியும் இருக்கிறது. விலகாமல் சுட்டால் அது தற்காப்பா, கொலையா?

நியூயார்க்: விலக முடிந்தால் விலகு

நியூயார்க் தண்டனைச் சட்டத்தின் 35.15-ஆம் பிரிவு, முழுப் பாதுகாப்புடன் விலகிச் செல்ல முடியும் என்று தெரிந்தும் விலகாமல் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. "முழுப் பாதுகாப்புடன்" என்ற சொல் முக்கியமானது. முதுகில் குத்து வாங்கிக்கொண்டு ஓடு என்று அந்தச் சட்டம் யாரிடமும் சொல்லவில்லை. ஓடினால் அடிபடுவோம் என்றால் கடமையும் இல்லை. இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை: வழிப்பறி, கடத்தல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றைத் தடுக்கும்போது இந்தப் பின்வாங்கும் கடமை அங்கேயும் பொருந்தாது. நியூயார்க்கைக் கோழைகளின் சட்டம் என்று ஏளனம் செய்பவர்கள் அந்தப் பிரிவை இறுதி வரை படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த மாநிலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வழக்கு போதும். 1984 டிசம்பர் 22 அன்று பெர்னார்ட் கெட்ஸ் என்பவர் நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு இளைஞர்களைச் சுட்டார். அவர்கள் ஐந்து டாலர் கேட்டார்கள். தன்னைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நம்பியதாக அவர் சொன்னார். முன்பு ஒருமுறை தாக்கப்பட்டிருந்த அவர் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு உரிமம் இல்லாமலேயே துப்பாக்கியுடன் நடமாடிவந்தார்.

அந்த வழக்கில் 1986-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை சட்டம். சுட்டவர் தன் மனத்தில் உண்மையாகவே பயந்தார் என்பது மட்டும் போதாது. அவருடைய கடந்தகால அனுபவம், எதிரே நின்றவர்களின் செயல், இடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நியாயமான ஒரு மனிதரும் அப்படி நம்பியிருப்பாரா என்று ஜூரி பார்க்க வேண்டும். 1987-இல் ஜூரி அவரைக் கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தில் அவர் சிறை சென்றார், எட்டு மாதத்துக்குச் சற்று மேல். சுட்டது குற்றமில்லை, கையில் வைத்திருந்தது குற்றம்! இரண்டு சட்டங்களும் இரண்டு தண்டவாளங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கதை அத்தோடு முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி 1996-இல் உரிமையியல் வழக்கின் ஜூரி தீர்ப்பளித்தது.

உரிமம் தரும் விஷயத்தில் நியூயார்க்கின் கை சுத்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1911-இன் சல்லிவன் சட்டத்திலிருந்து தொடங்கிய முறையில், தகுந்த காரணம் காட்டினால்தான் எடுத்துச் செல்லும் உரிமம். காரணம் தகுந்ததா என்பதை அதிகாரி முடிவு செய்வார். புருயன் வழக்கு நடந்தபோது பிரான்க்ஸ் டிஃபெண்டர்ஸ் போன்ற, ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அமைப்புகளே இந்தச் சட்டத்துக்கு எதிராக மனு கொடுத்தன. உரிமமில்லாத துப்பாக்கிக்காகச் சிறை செல்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானிய இளைஞர்கள் என்பது அவர்கள் வாதம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை விரும்பும் என்னைப் போன்றவர்கள் அந்த மனுவுக்கு நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் 2022 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் கொண்டுவந்தது: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் நேரடிச் சுடும் பயிற்சி, நான்கு பேரின் நன்னடத்தைச் சான்று. டைம்ஸ் சதுக்கத்திலும் சுரங்க ரயிலிலும் தடை.

ஃப்ளோரிடா: நின்ற இடத்தில் நில்

ஃப்ளோரிடாவிலும் 2005 வரை, வீட்டுக்கு வெளியே பின்வாங்கும் கடமை இருந்தது. அந்த ஆண்டு ஆளுநர் ஜெப் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அதை நீக்கியது. தான் இருக்க உரிமையுள்ள ஓர் இடத்தில், குற்றம் எதிலும் ஈடுபடாமல் இருக்கும் ஒருவர் விலகத் தேவையில்லை. ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் என்ற பெயரில் இது பல மாநிலங்களுக்குப் பரவி, இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

இந்தக் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஓங்கிய கத்திக்கு முன்னால் நிற்பவரிடம் நிதானமான சிந்தனையை எதிர்பார்க்க முடியாது என்று 1921-இலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அரை நொடியில் ஒருவர் எடுத்த முடிவை ஆறு மாதம் கழித்துக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துச் சந்து வழியாக ஓடியிருக்கலாமே என்று கேட்பது கொடுமைதான். தாக்கப்பட்டவர் பக்கம் நின்று யோசித்தால் யாருக்கும் இது விளங்கும்.

ஃப்ளோரிடா அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் என் குறை. விலகத் தேவையில்லை என்பதற்கு மேலே, வழக்கிலிருந்தே விலக்கு என்ற ஒன்றையும் அது சேர்த்தது. சுட்டது சட்டவிரோதம் என்று நம்ப முகாந்திரம் இல்லாமல் காவல்துறை கைது செய்யவே கூடாது. விசாரணை தொடங்குமுன் தனி அமர்வு கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். 2017-இல் அந்த அமர்வில் நிரூபிக்கும் பொறுப்பையும் அரசுத் தரப்பின் தலையில் வைத்துவிட்டார்கள். இறந்தவர் பேச முடியாது. சுட்டவர் பேசுகிறார். அவர் பேச்சே தொடக்கத்தில் ஒரே சாட்சியாகிவிடுகிறது.

2012 பிப்ரவரியில் சான்ஃபோர்ட் நகரில் டிரேவன் மார்ட்டின் என்ற 17 வயதுப் பையனைச் சுட்ட ஜார்ஜ் ஜிம்மர்மேன் ஆறு வாரத்துக்கு மேல் கைது செய்யப்படவில்லை. ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கிய பிறகே வழக்கு வந்தது. 2013 ஜூலையில் விடுதலையானார். அவருடைய வழக்கறிஞர்கள் அந்தத் தனி அமர்வைக் கேட்கவில்லை, கீழே விழுந்து கிடந்த ஜிம்மர்மேனுக்கு விலக வழியே இல்லை என்றுதான் வாதாடினார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். 2018-இல் கிளியர்வாட்டரில் மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிய வாக்குவாதம். ஒருவர் தள்ளிவிட, விழுந்தவர் துப்பாக்கியை எடுக்க, தள்ளியவர் பின்னால் நகர்வது கேமராவில் தெரிகிறது. விழுந்தவர் அவரைச் சுட்டுக் கொன்றார். ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் சட்டத்தைக் காட்டி உள்ளூர் ஷெரிஃப் கைது செய்ய மறுத்தார். வாரங்கள் கழித்து அரசு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். 2019-இல் ஜூரி குற்றவாளி என்றது, 20 ஆண்டுச் சிறை. சட்டம் காப்பாற்றும் என்று நம்பிச் சுட்டவரையும் அது காப்பாற்றவில்லை, சுடப்பட்டவரையும் காப்பாற்றவில்லை.

இதே மாநிலத்தில், ஜாக்சன்வில்லில், தன்னைத் துன்புறுத்திய கணவரை எச்சரிக்கச் சுட்ட ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. தோட்டா யார் மீதும் படவில்லை. 2012-இல் அவருக்கும் 20 ஆண்டு! பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, உடன்பாடு ஒன்றின் மூலம் வெளியே வந்தார். எதிரே நிற்பவரைப் பார்த்து நியாயமாகப் பயந்தாரா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் தோலின் நிறம் புகுந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவது இத்தகைய வழக்குகளால்தான்.

2017-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வு, இந்தச் சட்டத்துக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் மாதாந்தரக் கொலை விகிதம் சுமார் 24 சதவீதம் கூடியதாகவும், ஒப்பிட்டுப் பார்த்த மாநிலங்களில் அப்படிக் கூடவில்லை என்றும் கண்டது. அந்த ஒப்பீட்டு மாநிலங்களில் நியூயார்க்கும் நியூ ஜெர்சியும் இருந்தன.

டெக்சாஸ்: பொருளுக்காகவும் சுடலாம்

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். டெக்சாஸ் 2007-இல் தன் கோட்டைச் சட்டத்தை விரிவாக்கியது. ஆளிருக்கும் வீட்டுக்குள், வண்டிக்குள், தொழிலிடத்துக்குள் ஒருவர் சட்டவிரோதமாகவும் பலவந்தமாகவும் நுழைந்தால் அல்லது நுழைய முயன்றால், உள்ளே இருப்பவரின் பயம் நியாயமானது என்று சட்டமே அனுமானிக்கிறது. இரண்டு சொற்களும் சேர்ந்து வர வேண்டும்: சட்டவிரோதமாகவும், பலவந்தமாகவும். மணியடித்துவிட்டு வாசலில் நிற்பவர் இதில் வரமாட்டார். பொட்டலம் கொண்டுவந்தவரும் வரமாட்டார்.

டெக்சாஸைத் தனியாக நிறுத்துவது அதன் 9.42-ஆம் பிரிவு. இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கவோ, கொள்ளையடித்த பொருளோடு ஓடுபவரைத் தடுக்கவோ உயிர்பறிக்கும் பலத்தையும் பயன்படுத்தலாம் என்று அது சொல்கிறது. வேறு வழியில் பொருளைக் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது வேறு வழியில் முயன்றால் தன் உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். 2007 நவம்பரில் ஹூஸ்டனை ஒட்டிய பாசடேனாவில் ஒருவர் பக்கத்து வீட்டில் திருடிவிட்டுப் போன இருவரைச் சுட்டுக் கொன்றார். வெளியே போகாதீர்கள் என்று 911 அவசர உதவி எண்ணின் மறுமுனையில் இருந்தவர் திரும்பத் திரும்பக் கெஞ்சியது பதிவில் இருக்கிறது. புதிய சட்டம் வந்துவிட்டதே என்று சுட்டவர் பதில் சொன்னதும் இருக்கிறது. 2008-இல் கிராண்ட் ஜூரி அவர் மீது குற்றம் சாட்ட மறுத்தது. அடுத்த வீட்டுக்காரரின் பொருளுக்கு இரண்டு உயிர். இதை நியாயம் என்று ஏற்க என் மனம் ஒருபோதும் இடம் தராது.

ஆனாலும் டெக்சாஸில் எல்லாம் செல்லும் என்று நினைப்பவர்களுக்கு ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் டல்லஸ் நகரக் காவல்துறைப் பெண் அதிகாரி ஒருவர் பணி முடிந்து திரும்பும்போது, தன் அடுக்ககம் என்று நினைத்து வேறு மாடியில் இருந்த இன்னொருவர் வீட்டுக்குள் போய், அங்கே இருந்தவரைத் திருடன் என்று சுட்டுக் கொன்றார். கோட்டைச் சட்டத்தையும் கருத்தில் கொள்ளலாம் என்று நீதிபதியே ஜூரிக்கு அனுமதி கொடுத்தார். ஜூரி கருத்தில் கொண்டது, கொலைக்குற்றவாளி என்றது. பத்து ஆண்டு.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, தடை எதுவும் இல்லாத ஒருவர் டெக்சாஸில் உரிமமின்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் உரிமம் எடுத்துக்கொள்வதே நல்லது என்று நண்பரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், மாநில உரிமம் உள்ளவருக்குத்தான் விலக்குத் தருகிறது. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் பாதை முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருக்கலாம்.

குறுக்கே நிற்கும் மாநிலங்கள்

துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் மாநிலத்தில் சுடுவதும் எளிது, கட்டுப்பாடுள்ள மாநிலத்தில் பின்வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் கலிஃபோர்னியா அதை உடைத்துவிடும். வாங்கப் பத்து நாள் காத்திருப்பு, பாதுகாப்புத் தேர்வு, விற்க அனுமதிக்கப்பட்ட கைத்துப்பாக்கிகளுக்குத் தனிப் பட்டியல் என்று நாட்டிலேயே கடுமையான விதிகள் அங்கே. ஆனால் பின்வாங்கும் கடமை அங்கே இல்லை. நின்ற இடத்தில் நிற்கலாம், தேவையானால் தாக்குபவரைத் துரத்தவும் செய்யலாம் என்று ஜூரிக்குப் படித்துக் காட்டும் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. நெப்ராஸ்கா நேர் எதிர்: 2023 செப்டம்பர் முதல் உரிமமில்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம், ஆனால் வீடும் பணியிடமும் தவிர மற்ற இடங்களில் பாதுகாப்பாக விலக முடிந்தால் விலக வேண்டும். மெய்னும் ஏறத்தாழ அப்படியே.

நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நெப்ராஸ்காவின் தற்காப்பு விதியும் நியூயார்க்கின் பயிற்சி விதியும் சேர்ந்த ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பேன். அப்படி ஒன்று இல்லை.

2023 ஏப்ரலின் இரண்டு இரவுகளை நண்பரிடம் கடைசியாகச் சொன்னேன். ஏப்ரல் 13: மிசௌரியின் கன்சாஸ் சிட்டியில் 16 வயதுப் பையன் தம்பிகளை அழைத்துவரப் போய், ஒரே எண் கொண்ட வேறு தெருவில் தவறான வீட்டின் மணியை அடித்தான். 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாக அவனைத் தலையில் சுட்டார். பையன் பிழைத்தான். மிசௌரியில் ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் உண்டு, எடுத்துச் செல்ல உரிமமும் வேண்டாம். முதலில் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். போராட்டத்துக்குப் பிறகு வழக்கு வந்தது. 2025-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை அறிவிப்பதற்குள் இறந்துபோனார். ஏப்ரல் 15: நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரான் என்ற சிற்றூரில் தோழியர் நண்பர்களோடு வழி தவறி ஒரு வீட்டு முன்பாதைக்குள் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண், கார் வெளியேறும்போது சுடப்பட்டு இறந்தாள். சுட்டவரை அன்றிரவே பிடித்தார்கள். 2024-இல் கொலைக்குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. இரண்டு மாநிலங்களின் புத்தகத்திலும் அந்தச் செயல் குற்றமே. மிசௌரியில் வழக்குத் தொடங்கவே தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

எல்லை தாண்டினால்

நண்பர் ஆண்டுதோறும் எடிசனில் உள்ள அண்ணன் வீட்டுக்கு வருவார். டெக்சாஸின் அனுமதி நியூ ஜெர்சியில் வெறும் காகிதம். 2013-இல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஓர் இளம் தாய், நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் காவலர் நிறுத்தியபோது தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அந்த நேர்மைக்குக் கிடைத்தது மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறையின் அச்சுறுத்தல். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பிறகு சிறை தவிர்ந்தது; 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். இந்த வழக்கில் என் மனம் முழுக்கத் துப்பாக்கி வைத்திருந்தவர் பக்கமே. மாநிலங்களைக் கடந்து போகும்போது 1986-இன் கூட்டாட்சிச் சட்டம் ஓரளவு காக்கும்: தோட்டாக்களை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில், பின்பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டும், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும்.

நம்மவர்களில் பலருக்கு இந்த ஒப்பீடு தொடங்குவதற்கு முன்பே ஒரு கதவு மூடியிருக்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. டெக்சாஸின் எந்தத் தாராளமும் இதை மாற்றாது. வார இறுதியில் சக ஊழியர்களோடு சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அதுவே நாடுகடத்தக் காரணமாகும்.

நண்பருக்கு அட்டை வந்துவிட்டது. மனைவிக்கு இன்னும் வரவில்லை, எச்-1பியில்தான் இருக்கிறார். துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அவரும் வைத்திருந்ததாகவே வழக்கு வரலாம். அதனால் பெட்டகத்தின் எண்ணை மனைவியிடம் சொல்லக் கூடாது என்றேன். நண்பர் மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பவர். "அப்படியானால் நான் இல்லாத இரவில் இது அவளுக்கு எதற்கு?" என்று கேட்டார். கடைக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பின்கதவுக்கு நல்ல பூட்டும் வாசலுக்கு ஒரு கேமராவும் வாங்கினார்.